பழைய லேசர் கட்டிங் மெஷினை 5 ஆக்சிஸ் மர ரவுட்டராக மாற்றலாமா? (தக்கலை)

தக்கலை_கதவு

எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் நானும் சித்தப்பா மகனும் சேர்ந்து மரப்பட்டறை வைத்திருக்கிறோம். வாசல் கதவு, மாடிப்படிக் கைப்பிடி, சர்ச்சுக்குப் பீடம், அதில் வைக்கும் சுரூபங்கள், இதுதான் எங்கள் பிழைப்பு. சுரூப வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. இருக்கிற ஆசாரிமாரும் வயதானவர்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பழைய மெஷின் கிடங்கில் தகடு வெட்டும் சிஓ2 லேசர் மெஷின் ஒன்று கிடக்கிறது. மேசை அளவு 3000 × 1500 மி.மீ. லேசர் மூலம் செத்துவிட்டது, அதைச் சரிசெய்ய எவனும் பணம் போடமாட்டான். ஆனால் எல்எம் கைடு (தலை வழுக்கி ஓடும் தண்டவாளம்), ரேக் (பற்சட்டம்), சர்வோ மோட்டார் எல்லாம் கையால் தள்ளிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆக்கர் (பழைய இரும்பு) விலைக்குக் கொஞ்சம் மேலே கேட்கிறார்கள்.

லேசர் தலையைக் கழற்றிவிட்டு, திரும்பவும் சாயவும் கூடிய ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தலை மாட்டி 5 ஆக்சிஸ் ரவுட்டராக்க முடியுமா? அதாவது நேராக மூன்று திசையில் நகர்வதோடு தலை இரண்டு விதமாகத் திரும்பியும் மரம் குடையும் மெஷின். புது 5 ஆக்சிஸ் மெஷின் விலை கேட்டோம். கேட்டதோடு சரி.

கோவை_சர்வோ

நல்ல கேள்வி. ஃபைபர் லேசர் வந்த பிறகு சிஓ2 மெஷின்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன. ஃபைபரில் ஒளி கேபிள் வழியாகப் போய்விடும், கண்ணாடிகளைத் துடைத்துச் சீர்பார்க்கும் தலைவலி கிடையாது. கரண்டும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நல்ல எலும்புக்கூடு உள்ள மெஷின்கூட எடைக்குப் போகிறது.

பணம் கொடுக்கும் முன்பு பார்க்க வேண்டியவை. மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டிகளின் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். கன்ட்ரோலிலிருந்து (மெஷினின் மூளையான கணினி) டிரைவுக்குப் போகும் கட்டளை பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த டிரைவையும் மோட்டாரையும் அப்படியே வைத்துக்கொண்டு, லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருள் போட்ட ஒரு கணினியும் அதை டிரைவோடு இணைக்கும் மெசா 7ஐ97 கார்டும் வைத்து ஓட்டலாம். அந்தக் கார்டில் 6 அனலாக் வெளியீடு, 6 என்கோடர் (மோட்டார் எங்கே நிற்கிறது என்று சொல்லும் உணரி) உள்ளீடு இருக்கிறது, 5 ஆக்சிஸுக்குத் தாராளம். ஒளி இழையில் பேசுகிற டிரைவ் என்றால் பெரும்பாலும் வேறு கன்ட்ரோலை அதன் தலையில் கட்ட முடியாது. டிரைவ், மோட்டார் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். கணக்கு மொத்தமாக மாறிவிடும்.

இன்னொன்று. கன்ட்ரோல் உயிரோடு இருந்தால் அதன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். பாராமீட்டர்களைப் பிரதி எடுத்த பிறகு, கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். ஆஃப் பண்ணிவிட்டு உருவினால் எல்லாம் அழிந்துபோகும். பிறகு நீங்கள் வாங்கியது இரும்பு மட்டும்தான்.

வடசேரி_லேத்

வாங்காதே தம்பி.

தக்கலை_கதவு

ஏன் அண்ணே? காரணம் சொன்னால் நல்லா இருக்கும்.

வடசேரி_லேத்

சரி, சொல்கிறேன். லேசர் தலை எதையும் தொடாது. தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே மிதந்துகொண்டு போகும். வெட்டுகிற விசை என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. அதனால் அந்த மெஷினைக் கட்டினவன் பாலத்தை (தலையைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் சட்டம்) எவ்வளவு இலகுவாகச் செய்யலாம் என்றுதான் பார்த்திருப்பான், வேகமாக ஓடித் திரும்ப வேண்டுமே. ரவுட்டர் நேர் எதிர். தேக்கில் 12 மி.மீ. பிட்டை இறக்கினால் அது பக்கவாட்டில் தள்ளும், மேலே இழுக்கும், முடிச்சு வந்தால் உதைக்கும்.

மேலும் கீழும் ஓடுகிற இசட் ஆக்சிஸைப் பார்த்தாயா? லேசரில் அது சுமார் 100 மி.மீ.தான் ஓடும், சில கிலோ தலையைத் தூக்கினால் போதும். நீ 15, 20 கிலோ ஸ்பிண்டிலும் அதைத் திருப்பச் சாய்க்க இரண்டு கியர்பாக்ஸும் தொங்கவிடப் போகிறாய். தொங்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும், இது எந்த மெஷினுக்கும் பொது.

நம்பாவிட்டால் ஒரு சோதனை சொல்கிறேன். காசு செலவில்லை. தலை மாட்டும் தகட்டில் ஒரு கனமான இரும்புப் பட்டையை 300 மி.மீ. கீழே தொங்கும்படி போல்ட் போடு. நுனியில் டயல் கேஜ் (சிறு நகர்வை அளக்கும் முள் கருவி) வை. தூக்கிப்பிடிக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை மாட்டி 20 கிலோ காட்டும் வரை பக்கவாட்டில் இழு. முள் எவ்வளவு நகருகிறது என்று வந்து சொல். பட்டை இல்லாமல், தகட்டிலேயே கேஜ் வைத்தும் ஒரு தடவை பார்.

குளச்சல்_கேம்

அண்ணாச்சி சொன்ன சோதனை அருமை. எந்த மெஷின் வாங்குவதற்கு முன்பும் செய்யலாம்.

நான் ஊர் குளச்சல், வேலை சென்னையில், அச்சுவார்ப்புக் கம்பெனிகளுக்கு 5 ஆக்சிஸ் புரோகிராம் எழுதுகிறேன். என் கேள்வி வேறு. உங்களுக்கு 5 ஆக்சிஸும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா, அல்லது தலையை ஒரு கோணத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு மூன்று ஆக்சிஸில் வெட்டினால் போதுமா? நாங்கள் இதை 3+2 என்போம். மரச் சுரூபத்தில் 90 சதவீத வேலை 3+2-இல் முடிந்துவிடும்.

ஐந்தும் சேர்ந்து ஓடினால் கன்ட்ரோலுக்குக் கருவி நுனியைக் கணக்கில் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஃபானுக் கன்ட்ரோலில் ஜி43.4, சீமென்ஸில் டிராஓரி என்று வரும். தலை சாயும்போது நுனி நகராமல் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் தாமாக ஈடுசெய்யும். லினக்ஸ்சிஎன்சியிலும் அதற்கான கணிதம் இருக்கிறது, சாய்வு மையத்திலிருந்து ஸ்பிண்டில் வரையுள்ள தூரத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். கேம் மென்பொருள் (வரைபடத்தை வெட்டும் பாதையாக மாற்றுவது) செலவும் அங்கேதான் ஏறும். ஃபியூஷன் மென்பொருளில் ஐந்தும் சேர்ந்து ஓடும் வெட்டுக்கு உரிமத்துக்கு மேல் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

ஓசூர்_டிசைன்

தலை பற்றி ஒரு கணக்கு. சாய்வு மையத்திலிருந்து பிட் நுனி வரை 250 மி.மீ. என்று வையுங்கள். சாயும் கியர்பாக்ஸில் 1 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஆட்டம் இருந்தால் நுனியில் 0.07 மி.மீ. மரத்துக்குப் பரவாயில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண பிளானட்டரி கியர்பாக்ஸ் 5 ஆர்க் நிமிடம், அதற்கு மேலும் வரும். அப்போது நுனியில் 0.36 மி.மீ. ஆட்டம். இரண்டு ஆக்சிஸிலும் இருந்தால் கூடும். முகத்தில் மூக்கு ஒரு பக்கம் வரும்போது ஒரு கோடு, மறுபக்கம் போகும்போது ஒரு கோடு என்று வரி விழும். உப்புத்தாள் போட்டே ஓய்ந்துவிடுவீர்கள்.

ஆட்டமே இல்லாத ஹார்மோனிக் டிரைவ் என்ற கியர்பாக்ஸ் போட்டால் சரி. ஆனால் அதன் விலைக்கு இந்த மெஷினை இன்னொரு தடவை வாங்கலாம்.

லேசர்_சர்வீஸ்

தலைப்பு விட்டுப் போவதாக நினைக்காதீர்கள், இது உயிர் விஷயம். சிஓ2 மெஷினின் லென்சு துத்தநாக செலினைடால் ஆனது, மஞ்சளாக இருக்கும். உடைந்திருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது, தூள் விஷம். கையுறை போட்டுப் பெட்டியில் அடைத்து வையுங்கள், குப்பையில் வீசாதீர்கள். லேசர் மூலத்துக்கான உயர் அழுத்த மின் பெட்டி, அதன் மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். தெரிந்தவரை வைத்து வடித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை, அதைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சில்லர் யூனிட்டை மட்டும் விடாதீர்கள். தண்ணீர் குளிர்விப்பு ஸ்பிண்டிலுக்கு அப்படியே பயன்படும்.

குழித்துறை_ஆசாரி

எல்லாரும் 0.07, 0.36 என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வாசிக்க நல்ல ரசமாக இருக்கிறது. மரத்திடம் யாராவது கேட்டீர்களா?

தேக்குப் பலகை 300 மி.மீ. அகலத்தில், வளையக் கோட்டுக்குத் தொடுகோடாக அறுத்தது என்றால், ஈரம் 4 சதவீதம் மாறினால் 2 மி.மீ.க்கு மேல் அசையும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மே மாதம் வெட்டி வைத்ததை ஜூலையில் அளந்து பார்த்தால் தெரியும். அயனி மரம் அதைவிட ஒழுங்கானவன், பிலாவும் (பலா) பரவாயில்லை, ரப்பர் மரத்தைச் சரியாகப் பதப்படுத்திக் காயவைக்காவிட்டால் பூஞ்சை, புழு என்று எல்லாம் வரும். சுரூபத்துக்கு நான் குமிழும் மகாகனியும் விரும்புவேன், உளிக்கு இதம்.

தம்பிக்குக் கேள்வி. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பாய். தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பிலா மரத்தில் செதுக்கின தூண் நிற்கிறது. அதை ஒரு நாள் போய் நின்று பார். எங்கெல்லாம் வட்ட நுனி பிட் போகும், எங்கெல்லாம் போகாது என்று கண்ணால் பிரித்துப் பார். 6 மி.மீ. வட்ட பிட் என்றால் 3 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்த எந்த உள்மூலையும் அதற்கு எட்டாது. இலைக்கு அடியில் குடைந்து நிழல் விழ வைத்திருப்பான் பார், அங்கே தலை எவ்வளவு சாய்ந்தாலும் ஸ்பிண்டில் மூக்கு தூணில் இடிக்கும். அதெல்லாம் உளி வேலை. ஆகவே 5 ஆக்சிஸ் போட்டாலும் கடைசி வேலைக்கு ஆசாரி வேண்டும். மரத்தைச் சுழற்றி வெட்டும் 4 ஆக்சிஸ் போட்டாலும் வேண்டும். வித்தியாசம் நீ நினைக்கிற அளவு பெரிதில்லை.

தக்கலை_கதவு

ஆசாரி அண்ணாச்சி, தூணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னது உண்மை. நான் மெஷின் முடிக்கும் என்று நினைத்ததில் பாதி இடம் கைவேலை இடம்தான்.

கிடங்கிலும் போய் வடசேரி அண்ணே சொன்ன சோதனையைச் செய்தேன். தகட்டிலேயே வைத்தால் 0.04 மி.மீ. 300 மி.மீ. கீழே பட்டை நுனியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பட்டையே கொஞ்சம் வளைந்திருக்கலாம், 50 × 50 திண்டு இரும்புதான் போட்டேன். டிரைவ்கள் அனலாக். கன்ட்ரோல் ஓடுகிறது, அலாரம் மட்டும் நிறைய.

வடசேரி_லேத்

50 × 50 திண்டு 20 கிலோவுக்கு அவ்வளவு வளையாது. ஆடுவது இசட்டும் பாலத்தின் முறுக்கமும். 0.04 நல்ல எண், அதை ஒத்துக்கொள்கிறேன். பாலம் நான் நினைத்ததைவிடக் கெட்டி. பிரச்சினை முழுக்கத் தொங்கும் நீளத்தில்தான். பாலத்தை உயர்த்தி, நீளமான இசட் போட்டு, அதன் அடியில் சாயும் தலை மாட்டினால் கம்பு நுனியில் கல் கட்டின கதை.

ஓசூர்_டிசைன்

அப்படியானால் பாலத்தை உயர்த்தாதீர்கள். வேலையைக் கீழே இறக்குங்கள்.

இதை யாரும் இதுவரை சொல்லவில்லை. லேசர் மெஷினில் வெட்டும் மேசை என்பது வெறும் தகட்டுப் பட்டிகள் நிற்கும் சட்டம். அதற்கு அடியில் துண்டு விழும் தட்டும் புகை உறிஞ்சும் குழாயும் போவதற்குப் பெரிய பள்ளம் இருக்கும். பட்டிகளையும் தட்டையும் எடுத்துவிட்டால் அந்தப் பள்ளம் உங்களுடையது. அதில் நீளவாக்கில் ஒரு சுழல் ஆக்சிஸ் போடுங்கள், ஒரு முனையில் மரத்தைப் பிடித்துச் சுழற்றும் சக், மறுமுனையில் அதைத் தாங்கும் டெயில் ஸ்டாக்.

மரம் சுழன்றால் பிட் மையக்கோட்டுக்குக் கீழே போகவே வேண்டாம். 350 மி.மீ. விட்டமுள்ள சுரூபக் கட்டைக்கு ஆரம் 175 மட்டும்தான். இசட் ஓட்டம் 200 மி.மீ., மேலே தூக்கிக்கொள்ளக் கொஞ்சம் சேர்த்தால் 250. தொங்கும் நீளமும் அந்த அளவில் நிற்கும், நீங்கள் பார்த்த அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகவே ஆடும். சாயும் தலை போட்டால் இதே கட்டையைப் பக்கத்திலிருந்து வெட்ட இசட் 500-க்கு மேல் வேண்டும், அதோடு தலையின் உயரம்.

குளச்சல்_கேம்

கச்சிதம். சுழல் ஆக்சிஸில் கியர்பாக்ஸ் ஆட்டமும் அவ்வளவு உறுத்தாது. ஆரம் 175-இல் 3 ஆர்க் நிமிடம் என்றால் 0.15 மி.மீ. கட்டையை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே, நீளவாக்கில் மெல்ல நகரும் சுருள் வெட்டாகப் போட்டால் அந்த ஆட்டமும் தெரியாது, ஏனென்றால் திசை மாறுவதே இல்லை. டெஸ்க்புரோட்டோ மென்பொருள் இதை நன்றாகச் செய்யும். ஆஸ்பயரில் சுற்றி ஒட்டும் முறை இருக்கிறது, கட்டில் கால், தூண் மாதிரி வேலைக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. சுழலும்போது வேகத்தை மி.மீ./நிமிடம் என்று கொடுத்தால் கன்ட்ரோல் டிகிரியோடு குழப்பிக்கொள்ளும். ஆரம் குறையும் இடத்தில், கழுத்து மாதிரி, சுற்றும் வேகம் கூட வேண்டும். ஜி93 முறையில் புரோகிராம் எடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் நேரம் கணக்காகிவிடும்.

தக்கலை_கதவு

அக்கா, மாடிப்படிக் கைப்பிடி? அது முறுக்கி வளைந்து மேலே ஏறும். சுழல் ஆக்சிஸில் பிடிக்க முடியுமா?

குளச்சல்_கேம்

அதற்கு 5 ஆக்சிஸ்தான் சுலபம், மறைக்கவில்லை. ஆனால் வளைவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டையிலிருந்து மேல்பக்கம் வெட்டி, பின்களில் உட்கார வைத்துப் புரட்டி அடிப்பக்கம் வெட்டலாம். புரட்டும் பின் துளைகளை மெஷினே போட வேண்டும். இணைப்பை நேரான பகுதியில் வையுங்கள், வளைவின் நடுவில் வைத்தால் கோடு கண்ணில் படும். ஆண்டுக்கு எத்தனை கைப்பிடி செய்கிறீர்கள் என்று நீங்களே பாருங்கள்.

தக்கலை_கதவு

நிறைய இல்லை. பீடமும் தூணும் கதவும்தான் அதிகம்.

மார்த்தாண்டம்_பிளை

இவ்வளவு சுற்றுவதற்கு ஒரு சீன ரவுட்டரை நேரே இறக்கிவிடலாமே? சுழல் ஆக்சிஸோடே வருகிறது. எங்கள் கடையில் பிளைவுட் வெட்ட அதுதான் ஓடுகிறது.

கோவை_சர்வோ

பிளைவுட்டுக்கு அது போதும். அதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டாரா, சர்வோவா, கைடு என்ன அளவு என்று பார்த்துவிட்டு இந்த மெஷினோடு ஒப்பிடுங்கள். இங்கே நேரமும் தலைவலியும் செலவு, அங்கே பணம் செலவு. பட்டறையில் எலக்ட்ரிகல் தெரிந்த ஆள் இல்லை என்றால் நானும் சீன மெஷினையே வாங்கச் சொல்வேன்.

தக்கலை_கதவு

சித்தப்பா மகன் பேனல் போர்டு வேலை பார்த்தவன்.

கோவை_சர்வோ

அப்படியானால் வாங்குங்கள். ஸ்பிண்டில் 5.5 கிலோவாட், 24,000 சுற்று போதும். இரண்டு போல் மோட்டார் என்பதால் அந்தச் சுற்றுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்பெட்டி) 400 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கில் இரண்டு பல் 12 மி.மீ. பிட், 18,000 சுற்று, பல்லுக்கு 0.25 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 9 மீட்டர் ஓட்டம். இந்த மெஷின் லேசராக இருந்தபோது அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடியது. ஆகவே வேகம் பிரச்சினையே இல்லை. முடுக்கத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள், பாலத்தில் எடை ஏறியிருக்கிறது.

இசட்டுக்கு பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம். உங்கள் ஊரில் காற்று மழையில் கரண்ட் போனால் பிரேக் இல்லாத இசட், 20 கிலோ ஸ்பிண்டிலோடு சுரூபத்தின் தலையில் உட்காரும். ஒரு கேஸ் ஸ்பிரிங்கும் சேர்த்துத் தாங்கக் கொடுங்கள்.

குழித்துறை_ஆசாரி

தூசி பற்றி யாரும் பேசவில்லை. தேக்குத் தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கடின மரத்தூள் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே வகைப்படுத்தியிருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் தோர்த்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தோம், அது போதாது. என்95 போட்டுக்கொள், தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் வைத்த உறிஞ்சி போடு.

வடசேரி_லேத்

மெஷினுக்கும் அதே வியாதிதான். லேசரின் ரேக் மேலே தகட்டுப் பொறி விழாமல் மூடியிருப்பான், மரத்தூள் புகாமல் மூடியிருக்க மாட்டான். நம் கடல்காற்றில் தூளும் கிரீஸும் சேர்ந்தால் களிமண் ஆகிவிடும், அதற்கடியில் துரு. ரேக்குக்கும் கைடுக்கும் பெல்லோஸ் (மடிப்பு உறை) போடு. உள்ளே மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து வைத்தால் தூள் நுழையாது. பழைய புகை உறிஞ்சும் குழாய் அடியிலேயே இருக்கிறதே, அந்த மோட்டாரைத் தூள் உறிஞ்ச வைக்காதே. அது புகைக்கான ஃபேன், சீவல் போனால் இறக்கை அடைபடும். குழாயை மட்டும் வைத்துக்கொள்.

அப்புறம், வாங்காதே என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சாயும் தலை இல்லாமல் என்றால் வாங்கு.

தக்கலை_கதவு

வாங்கியாச்சு. டிரெய்லரில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது அடித்த காற்றில் தார்ப்பாய் பறந்து கைடில் மழைத்துளி பட்டுவிட்டது, வந்ததும் துடைத்து எண்ணெய் போட்டோம். உயர் அழுத்தப் பெட்டியைக் கிடங்கிலேயே விட்டோம். லென்சு உடையாமல் இருந்தது, டப்பாவில் பத்திரம். பட்டிகளைக் கழற்றிப் பார்த்தால் பள்ளம் 480 மி.மீ. ஆழம்.

இப்போது கேள்வி டெயில் ஸ்டாக். சுழல் ஆக்சிஸின் படுக்கையைப் பள்ளத்துக்குள் ஐ பீம் வைத்துச் செய்யலாம் என்று நினைக்கிறோம். மெஷினின் எக்ஸ் ஓட்டத்துக்கு இணையாக வைப்பது எப்படி?

வடசேரி_லேத்

ஐ பீமை நேரே பற்றவைக்காதே, சூட்டில் இழுக்கும். நான்கு மூலையிலும் தடித்த தகடு பற்றவைத்து, அதன் மேல் பீமைப் போல்ட் போடு, போல்ட் துளை பெரிதாக இருக்கட்டும். பீமின் மேல்முகத்தை நாகர்கோவிலில் பெரிய மில்லிங் உள்ள ஏதாவது பட்டறையில் சமன்படுத்திக்கொள்.

பிறகு சக்குக்கும் டெயில் ஸ்டாக்குக்கும் நடுவில் நன்றாகத் தேய்த்த நேர் கம்பி ஒன்றைப் பிடி. ஸ்பிண்டில் மூக்கில் டயல் கேஜ் மாட்டி, கம்பியின் மேலே ஒரு ஓட்டம், பக்கத்தில் ஒரு ஓட்டம். மெஷினே உனக்கு அளவுகோல். ஒரு மீட்டருக்கு 0.05 வரும் வரை ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய். அதற்கு மேல் கஷ்டப்படாதே, ஆசாரி சொன்ன 2 மி.மீ. ஞாபகம் இருக்கட்டும்.

குழித்துறை_ஆசாரி

டெயில் ஸ்டாக்கில் ஸ்பிரிங் வைத்த சென்ட்டர் (மரத்தின் முனையைத் தாங்கும் கூர்) போடு. வெட்ட வெட்ட மரத்தின் உள்ளிருந்த இறுக்கம் தளர்ந்து நீளம் கொஞ்சம் மாறும், கெட்டியாகப் பூட்டிய சென்ட்டர் என்றால் நடுவில் வில்லாக வளையும்.

ஒற்றைக் கட்டையில் சுரூபம் செய்தால் நடுக்குருத்து உள்ளே வராமல் பார். முதல் முரட்டு வெட்டு முடிந்ததும் கழற்றி, முதுகுப்பக்கம் குடைந்துவிட்டுச் சில வாரம் நிழலில் போடு. வெடிக்கிற மரம் அப்போதே வெடிக்கும். அதற்குப் பிறகு நுணுக்க வெட்டு.

தக்கலை_கதவு

கழற்றித் திரும்ப மாட்டினால் பழைய நிலைக்கு எப்படி வருவது அண்ணாச்சி? புரோகிராம் அதே இடத்தில் தொடங்க வேண்டுமே.

குளச்சல்_கேம்

இரண்டு முனையிலும் கழிவு மரம் 60 மி.மீ. விட்டு வையுங்கள். சக் பக்க முனையில் முரட்டு வெட்டின்போதே மெஷினை வைத்து ஒரு தட்டையான முகமும் ஒரு பின் துளையும் போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது பின் துளை கோணத்தைக் காட்டும், தட்டை முகம் நீளத்தைக் காட்டும். நுணுக்க வெட்டுக்கு மேல்தோலில் 3, 4 மி.மீ. மிச்சம் விட்டிருந்தால் மரம் இடையில் கொஞ்சம் கோணினாலும் சமாளிக்கலாம்.

தக்கலை_கதவு

சரி அக்கா. பீம் மில்லிங்குக்கு நாளை கொண்டுபோகிறோம். மெசா கார்டு வந்ததும் வயரிங் படத்தோடு வருகிறேன், கோவை அண்ணே கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோவை_சர்வோ

படத்தில் எமர்ஜென்சி ஸ்டாப் வயரை முதலில் வரைந்து அனுப்புங்கள். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.